நடுவில் நிற்கும் மேகம்

வட நார்வேயின் கடற்கரையிலும், ஸ்வீடன், பின்லாந்து நாடுகளின் வடக்கு ஊர்களிலும் துருவ ஒளியைப் பற்றி வழிவழியாக வந்த நம்பிக்கைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் அவை ஒன்றோடொன்று மோதுவது தெரியும். இரவு வானில் பச்சை ஒளி அலைந்தால் குளிர் கடுக்கப் போகிறது என்பது ஓர் ஊரின் கணிப்பு. அதே ஒளியைக் கண்டதும் படகைக் கரையேற்றிக் கட்டச் சொன்னது இன்னோர் ஊர், ஏனென்றால் அங்கே அது காற்றுக்கும் பனிப்பொழிவுக்கும் அறிகுறி. வேறு சில இடங்களில் அது நல்ல நாள் வருவதன் அடையாளம். ஸ்வீடனின் கரையோர மீனவர்கள் ஹெர்ரிங் மீன் கூட்டம் நெருங்குவதையே அதில் பார்த்தார்கள். இவை அனைத்தும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது என்று சொல்லி மூடநம்பிக்கைக் கணக்கில் எழுதிவிடுவது எளிது. ஆனால் இப்படிச் சொன்னவர்கள் வானத்தைப் பார்த்தே பிழைத்தவர்கள். தவறாகக் கணித்தால் கடலில் உயிர் போகும் என்ற நிலையில் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்களின் சொல்லுக்கு ஏதோ ஓர் அடிப்படை இருக்க வேண்டும். அந்த அடிப்படை என்ன என்பதைத்தான் இந்த அத்தியாயம் தேடுகிறது. என் வாதம் இதுதான்: துருவ ஒளி வானிலையை முன்கூட்டிச் சொல்வதில்லை, துருவ ஒளி நம் கண்ணில் படுமா படாதா என்பதை வானிலை முடிவு செய்கிறது. உறவு உண்மையானது, அதன் திசையைத்தான் நெடுங்காலம் மாற்றிப் படித்துவந்தோம்.

முதலில் இரண்டும் எங்கே நிகழ்கின்றன என்று பார்க்க வேண்டும். மேகம், மழை, பனி, புயல் எல்லாம் வளிமண்டலத்தின் அடி அடுக்கில் நடக்கின்றன. அந்த அடுக்கு நம் வெப்பமண்டலப் பகுதியில் ஏறத்தாழ 16 முதல் 18 கிலோமீட்டர் உயரம் வரை எழும். துருவப் பகுதியில் 8 அல்லது 9 கிலோமீட்டரிலேயே முடிந்துவிடும். துருவ ஒளியின் கீழ் விளிம்போ தரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் மேலே இருக்கிறது. புவியின் காந்தமண்டலத்தில் முடுக்கப்பட்டு இறங்கும் எலக்ட்ரான்கள் அங்கே ஆக்சிஜன் அணுக்களோடு மோதும்போது 557.7 நானோமீட்டர் அலைநீளத்தில் பச்சை ஒளி பிறக்கிறது. 200 கிலோமீட்டருக்கு மேலே, காற்று இன்னும் மெலிந்த இடத்தில், அதே ஆக்சிஜன் 630 நானோமீட்டரில் சிவப்பாக ஒளிர்கிறது. சிவப்பு மேலே மட்டும் தெரிவதற்குக் காரணம் உண்டு. அந்த ஒளியை வெளியிடும் நிலையில் ஓர் ஆக்சிஜன் அணு ஒன்றரை நிமிடத்துக்கும் அதிகமாகக் காத்திருக்க வேண்டும். கீழே அதற்குள் வேறோர் அணுவோ மூலக்கூறோ வந்து மோதி அந்த ஆற்றலைப் பறித்துவிடும். 100 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 20 லட்சத்தில் ஒரு பங்கு. அங்கே மேகம் திரள வழியில்லை. இந்த உயரம் அனுமானம் அல்ல, அளந்து கண்டது. 1790இல் ஹென்றி கேவண்டிஷ், வெவ்வேறு ஊர்களில் இருந்து வந்த குறிப்புகளை ஒப்பிட்டு 52 முதல் 71 மைல் என்று கணித்தார். 1910இல் கார்ல் ஸ்டெர்மர், நார்வேயின் அல்டா நகரை ஒட்டிய பகுதியில் சில கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கேமராக்களை நிறுத்தி, தொலைபேசியில் பேசிக்கொண்டே ஒரே நொடியில் படம் எடுக்கவைத்து, பின்னணி விண்மீன்களைக் கொண்டு உயரத்தைக் கணக்கிட்டார். பிந்திய பல்லாண்டுகளில் அவரும் உதவியாளர்களும் செய்த ஆயிரக்கணக்கான அளவீடுகளில் மலைமுகட்டைத் தொட்ட ஒளியோ மேகத்துக்குக் கீழே இறங்கிய ஒளியோ இல்லை. அப்படிக் கண்டதாகப் பலர் எழுதிவைத்தது தொலைவைக் கணிக்க முடியாத இருட்டில் கண் செய்யும் பிழை. மெல்லிய மேகத்தின் மீது சிதறும் ஒளியும் அதற்குத் துணைபோகும்.

உயரம் மட்டும் தெரிந்தால் போதாது என்று ஒருவர் சொல்லலாம். மேலே நடப்பதும் கீழே நடப்பதும் ஒரே நேரத்தில் நிகழ ஏதாவது மறைமுகக் காரணம் இருக்கலாமே? அதைச் சோதிக்க, மேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் துருவ ஒளியை அறியும் ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி 1741இலேயே கிடைத்துவிட்டது. ஸ்வீடனின் உப்சாலாவில் ஆண்டர்ஸ் செல்சியஸும் ஓலோஃப் ஹியோர்ட்டரும் காந்த ஊசியின் அசைவை ஆயிரக்கணக்கான முறை குறித்துவந்தார்கள். வானில் துருவ ஒளி எழும்போதெல்லாம் ஊசி நடுங்குவதை அவர்கள் கண்டார்கள். அதே காலத்தில் லண்டனில் ஜார்ஜ் கிரஹாம் கவனித்துவந்த ஊசியும் அதே நாளில் தடுமாறியிருந்தது. வெப்பமானி அளவுகோலால் நமக்குத் தெரிந்த அதே செல்சியஸ்தான் இவர். உப்சாலாவில் 1722இல் தொடங்கிய வானிலைப் பதிவை வளர்த்தவர்களில் ஒருவர். இரண்டையும் அருகருகே குறித்தவர்களுக்கு ஒரு வேறுபாடு புரிந்தது: ஊசிக்கு வானம் தெளிந்திருக்க வேண்டிய தேவை இல்லை. மேகம் மூடிய இரவிலும் அது நடுங்கும். பின்னாளில் இந்த வேறுபாடு உலகளாவிய அளவில் உறுதியானது. 1859 செப்டம்பர் முதல் தேதி ரிச்சர்ட் கேரிங்டன் சூரியனில் ஒரு பெரும் வெடிப்பைக் கண்டார்; 17 மணி நேரம் சென்று புவியைக் காந்தப்புயல் தாக்கியது. துருவ ஒளி கியூபா வரை தெரிந்தது. துருவத்திலிருந்து வெகுதொலைவில், மழைக்காலம் முடியாத மும்பையில், கொலாபா ஆய்வகத்தின் கருவி அந்தப் புயலின் உச்சத்தை ஏறத்தாழ 1600 நானோடெஸ்லா வீழ்ச்சியாகப் பதிவு செய்தது. அந்த நிகழ்வின் வலிமையை இன்று மதிப்பிடுபவர்கள் முதலில் நாடும் பதிவுகளில் அதுவும் ஒன்று. துருவ ஒளியின் காரணம் சூரியனில் தொடங்கிக் காந்தப்புலம் வழியே வருகிறது. அந்தப் பாதையில் தாழ்வழுத்தமோ பனிமேகமோ எங்கும் குறுக்கிடவில்லை.

அப்படியானால் 'ஒளி தெரிந்தால் குளிரும்' என்ற கணிப்பு ஏன் பலித்தது? துருவ ஒளி கண்ணில் பட மூன்று விஷயங்கள் ஒன்றுசேர வேண்டும்: மேலே எலக்ட்ரான்கள் இறங்க வேண்டும், இருட்டு வேண்டும், நடுவே மேகம் இருக்கக் கூடாது. மூன்றாவதுதான் நம் புதிருக்கு விடை. மேகம் தரைக்கு ஒரு போர்வை. தரை இரவெல்லாம் அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை இழக்கிறது. மேகம் அதில் பெரும்பகுதியை உள்வாங்கிக் கீழ்நோக்கித் திருப்பி அனுப்புகிறது. மேகம் விலகினால் வெப்பம் தடையின்றி வெளியேறும். 1997-98இல் ஆர்க்டிக் கடலின் போஃபர்ட் பகுதியில் ஒரு கப்பலைப் பனிக்கட்டியில் உறையவிட்டு ஓராண்டு முழுக்க அளவீடு செய்த 'ஷீபா' ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. குளிர்கால வானம் அங்கே பெரும்பாலும் இரண்டே நிலைகளில் இருந்தது. அடர்ந்த மேகம் மூடியிருந்தால் தரைப்பரப்பு இழக்கும் நிகர வெப்பம் ஏறத்தாழ பூஜ்யம். வானம் தெளிந்திருந்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 40 வாட். இதோடு துருவ ஒளியின் ஆற்றலை ஒப்பிட வேண்டும். நன்றாகப் பிரகாசிக்கும் துருவ ஒளியைத் தரும் எலக்ட்ரான்கள் சதுர மீட்டருக்குச் சுமார் நூறில் ஒரு பங்கு வாட் ஆற்றலைத்தான் கொண்டுவருகின்றன. அதுவும் நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே செலவாகிவிடுகிறது. மேகம் விலகுவதால் நேரும் இழப்பு அதைவிட நாலாயிரம் மடங்கு. இரவில் குளிர் ஏறியது வானம் தெளிந்ததால். ஒளி தெரிந்ததும் வானம் தெளிந்ததால். ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகளை மக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தார்கள். கண்ணுக்கு முதலில் பட்டதைக் காரணம் என்றும் உடலுக்கு அடுத்து உறைத்ததை விளைவு என்றும் வரிசைப்படுத்திக்கொண்டார்கள்.

கடலோரத்தின் எதிர்க் கணிப்பும் இதே விளக்கத்துக்குள் அடங்கும். நார்வேயின் கரையைக் குளிர்காலத்தில் அட்லாண்டிக்கிலிருந்து தாழ்வழுத்தங்கள் ஒன்றை அடுத்து ஒன்றாகத் தாக்குகின்றன. ஒரு புயல் கடந்து அடுத்தது வருவதற்குள் ஓரிரு நாள் உயரழுத்தம் நிலவும். அந்த இடைவெளியில்தான் வானம் திறக்கும், துருவ ஒளியும் தெரியும். அடுத்து என்ன வரும்? இன்னொரு புயல். ஆக, 'ஒளி தெரிந்தால் காற்று வரும்' என்று சொன்ன கடலோர மீனவர் தன் கரையின் வானிலை ஒழுங்கைத்தான் சரியாகச் சொன்னார். ஸ்வீடனின், பின்லாந்தின் உள்நாட்டில் உயரழுத்தம் வந்தால் வாரக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்துகொள்ளும். அங்கே தெளிந்த இரவுக்குப் பின் வருவது இன்னும் கடுமையான குளிர். முரணாகத் தெரிந்த இரண்டு கணிப்புகளும் தத்தம் இடத்தில் சரி. துருவ ஒளியே வானிலையை ஆண்டிருந்தால் அது எல்லா ஊரிலும் ஒரே விதமாக அல்லவா ஆண்டிருக்க வேண்டும்? கணிப்பு ஊருக்கு ஊர் மாறுவதே காரணம் கீழே இருக்கிறது என்பதற்கான வலுவான சான்று என்று கருதுகிறேன். இதே வகைப் பிழை ஒன்று இன்றும் பரவலாக இருக்கிறது: துருவ ஒளி குளிர்காலத்துக்கு உரியது என்ற எண்ணம். டிராம்சோ நகரில் மே மாதத்தின் இரண்டாம் பாதியிலிருந்து ஜூலை இறுதி வரை சூரியன் மறைவதே இல்லை. அதனால் ஒளி தெரிவதில்லை, அவ்வளவுதான். 1981இல் ஏவப்பட்ட 'டைனமிக்ஸ் எக்ஸ்ப்ளோரர் 1' செயற்கைக்கோள் புற ஊதாக் கதிரில் படம் எடுத்தபோது, துருவத்தைச் சுற்றி முழு வளையமாக ஒளி எரிவதைப் பகல் பக்கத்திலும் காட்டியது.

இந்த இரண்டு வானங்களையும் ஒரே இடத்தில் நின்று கவனித்த மனிதர்களின் கதை அல்டா நகருக்கு மேலே, ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் ஹால்டே என்ற மலையுச்சியில் நடந்தது. 1899இல் நார்வே இயற்பியலாளர் கிறிஸ்தியான் பிர்கிலேண்ட் அங்கே கல்லால் ஓர் ஆய்வகம் கட்டினார். துருவ ஒளிக்குக் காரணம் சூரியனிலிருந்து வரும் மின்துகள்கள், அவை புவியின் காந்தப்புலக் கோடுகளைப் பற்றிக்கொண்டு இறங்குகின்றன என்பது அவர் கருத்து. வெற்றிடப் பெட்டிக்குள் ஒரு சிறு காந்தக் கோளத்தை வைத்து, அதன்மீது மின்கற்றையைச் செலுத்தி, துருவங்களைச் சுற்றி ஒளி வளையம் தோன்றச் செய்தும் காட்டினார். அவர் சொன்ன, காந்தப்புலக் கோடுகள் வழியே பாயும் மின்னோட்டங்களை அவர் வாழ்நாளில் பலர் ஏற்கவில்லை. 1970களில் செயற்கைக்கோள் அளவீடுகள்தாம் அவற்றை உறுதிப்படுத்தின. மலையுச்சி வேலைக்குக் கொடுத்த விலையும் பெரிது. முதல் குளிர்காலத்திலேயே அவர் குழுவின் இளைஞர் ஒருவர் பனிச்சரிவில் இறந்தார். பிர்கிலேண்டுக்குப் பின் ஹால்டேயை நிரந்தர ஆய்வகமாக நடத்திய ஓலே கிரோக்னெஸும் ஒலாஃப் டெவிக்கும் வேறொரு வேலையையும் கையில் எடுத்தார்கள். கீழே கடலில் மீனவர்கள் முன்னறிவிப்பு இல்லாத புயலில் இறந்துகொண்டிருந்தார்கள். மலையுச்சியில் இவர்களிடம் அழுத்தமானி இருந்தது, காற்றை அளக்கும் கருவி இருந்தது, தந்தி வசதி இருந்தது. வட நார்வேக்குப் புயல் எச்சரிக்கை கொடுக்கும் பணி அங்கிருந்து வளர்ந்தது. 1918இல் டிராம்சோவில் புவி இயற்பியல் நிலையம் நிறுவப்பட்டு முன்னறிவிப்புப் பணி அங்கே சென்றது. ஹால்டே 1926இல் மூடப்பட்டது. துருவ ஒளியைப் பார்க்கக் கட்டிய வீட்டிலிருந்து ஒரு பகுதியின் வானிலைச் சேவை பிறந்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். அவர்கள் வானிலையைக் கணிக்க ஒளியை நம்பவில்லை. அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை நம்பினார்கள். ஒளிக்குக் காந்தமானி, புயலுக்கு அழுத்தமானி என்று இரண்டு கருவிகளையும் ஒரே கூரையின் கீழ் தனித்தனிக் குறிப்பேடுகளில் எழுதியவர்கள் அவர்கள்.

இந்த வாதத்துக்கு எதிராக எழும் கேள்விகளில் உணர்வுபூர்வமாக வலுவானது ஒலியைப் பற்றியது. துருவ ஒளியின்போது மெல்லிய வெடிப்பும் சலசலப்பும் கேட்டதாக வடக்கின் பூர்வகுடிகளான சாமி மக்களும் பின்லாந்துக் கிராமத்தினரும் நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். நூறு கிலோமீட்டர் மேலே எழும் ஒலி தரைக்கு வர ஐந்து நிமிடமாவது ஆகும். அத்தனை மெலிந்த காற்றில் அது வந்துசேரவே வழியில்லை. ஆகவே ஒளியின் அசைவோடு சேர்ந்தே ஒலி கேட்டதென்றால் அது தரைக்கு அருகிலிருந்து வந்திருக்க வேண்டும். அப்படியானால் துருவ ஒளி கீழ்க்காற்றைத் தொடுகிறது என்றுதானே பொருள்? பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உன்டோ லைனே இதை ஒலிவாங்கிகளை வைத்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். 2012இல் அவர் வெளியிட்ட பதிவுகளின்படி ஒலி பிறந்த இடம் தரையிலிருந்து 70 மீட்டர் அளவில் இருந்தது. 2016இல் அவர் தந்த விளக்கம், அந்த உயரத்தில் உருவாகும் வெப்பத் தலைகீழ் அடுக்கைச் சுட்டுகிறது. தெளிந்த, காற்றில்லாத இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, அதற்கு மேலே சற்று வெப்பமான காற்று மூடிபோல் நிற்கும். அந்த எல்லையில் சேரும் மின்னூட்டம், காந்தப்புயல் நேரத்தில் சிறு பொறிகளாக வெளியேறுகிறது என்பது அவர் கருதுகோள். எல்லா ஆய்வாளர்களும் இதை ஏற்றுவிடவில்லை. ஆனால் ஏற்றாலும் ஒலிக்குத் தேவையான மேடையை அமைப்பது தெளிந்த, அமைதியான இரவின் வானிலைதான். வெறுங்கண்ணுக்கு ஒளி தெரியாத இரவுகளிலும் இத்தகைய ஒலிகள் பதிவானதாக 2022இல் லைனே அறிவித்தது, ஒலியும் ஒளியும் காரணமும் விளைவுமாக இல்லை என்பதற்கு மேலும் ஒரு குறிப்பு.

இதைவிட அறிவியல் கனம் மிகுந்த எதிர்வாதம் ஒன்று உண்டு. அதற்கு ஒரு பகுதியை நான் விட்டுக்கொடுக்கவே வேண்டும். மேல் வளிமண்டலத்தில் இறங்கும் துகள்கள் ஒளியை உண்டாக்குவதோடு நிற்பதில்லை. நைட்ரஜன் மூலக்கூறுகளை உடைத்து நைட்ரஜன் ஆக்சைடுகளை உருவாக்குகின்றன. அவற்றைச் சிதைப்பது சூரிய ஒளி. துருவக் குளிர்காலத்தின் நெடிய இருட்டில் அவை பிழைத்திருந்து, துருவச் சுழல் எனப்படும் பெரும் காற்றுச் சுழற்சிக்குள் மெல்லக் கீழே இறங்கி, அடுக்கு மண்டலத்தின் ஓசோனை அழிக்கின்றன. ஓசோன் குறைந்தால் அந்த அடுக்கின் வெப்பநிலை மாறும், வெப்பநிலை மாறினால் காற்று மாறும், காற்று மாறினால் துருவச் சுழலின் வலிமை மாறும். அது வட அட்லாண்டிக்கின் வானிலைப் போக்கைத் தொடும். காந்தச் செயல்பாடு மிகுந்த குளிர்காலங்களையும் குறைந்த குளிர்காலங்களையும் ஒப்பிட்ட ஆய்வுகள், முதல் வகையில் வட ஐரோப்பா சற்று வெப்பமாகவும் கிரீன்லாந்துப் பக்கம் சற்றுக் குளிராகவும் இருப்பதைக் காட்டுகின்றன. உலகத் தட்பவெப்ப மாதிரிகளின் ஆறாம் தலைமுறை ஒப்பீட்டுக்காகத் தயாரிக்கப்பட்ட சூரியத் தரவில் துகள்களின் தாக்கமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே மேலிருந்து கீழே ஒரு பாதை இருக்கிறது. ஆனால் அந்தப் பாதை எப்படிப்பட்டது? அதில் பயணம் வாரங்களும் மாதங்களும் எடுக்கும். விளைவு புள்ளிவிவரச் சராசரியில் தெரியுமே தவிர நாளைக் காலைக் காற்றில் தெரியாது. பாதை திறப்பதும் கீழ்க்காற்றின் கையில் இருக்கிறது. 2003 அக்டோபர் இறுதியில் கடுமையான சூரியப் புயல்கள் அடித்தன. 2004 தொடக்கத்தில் 40 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி ஓசோன் சில இடங்களில் 60 விழுக்காடு வரை குறைந்தது. புயல்களே காரணம் என்று முதலில் தோன்றியது. பிறகு பார்த்தால் அந்தக் குளிர்காலத்தில் துருவச் சுழல் வழக்கத்துக்கு மாறாக வலுத்திருந்தது. மேலே உருவான வாயுக்களை அது கீழே இழுத்து வந்திராவிட்டால் இத்தனை ஓசோன் போயிருக்காது. அந்தச் சுழலையோ அடி அடுக்கிலிருந்து எழும் காற்றலைகள் குலைக்கின்றன, அவை ஓய்ந்தால் அது வலுக்கிறது. மேகத்தைப் போலவே இங்கும் வானிலை வாயிற்காவலாக நிற்கிறது. அண்டக் கதிர்கள் மேகத்தை உருவாக்குவதாகவும், சூரியன் அதன் வழியே வானிலையை நடத்துவதாகவும் 1997இல் ஹென்ரிக் ஸ்வென்ஸ்மார்க் முன்வைத்த கருத்தைத் தனியே குறிப்பிட வேண்டும். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் இதற்கென்றே நடக்கும் 'கிளவுட்' சோதனையின் முடிவுகள், இன்றைய வளிமண்டலத்தில் அந்தத் தாக்கம் மிகச் சிறியது என்றே காட்டுகின்றன.

மேகம் இவ்வளவு மறைக்கிறது என்றால் பழைய துருவ ஒளிக் குறிப்பேடுகளால் என்ன பயன் என்று வரலாற்று ஆய்வாளர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஓர் ஊரின் ஓர் இரவுக் குறிப்பில் 'ஒளி இல்லை' என்று இருந்தால் அதற்குப் பொருள் இரண்டு: மேலே ஒளி இல்லாமல் இருக்கலாம், நடுவே மேகம் இருந்திருக்கலாம். ஆனால் பல ஊர்கள், பல ஆண்டுகள் என்று சேர்த்தால் மேகத்தின் தற்செயல் கரைந்துவிடுகிறது, சூரியனின் ஒழுங்கு மேலெழுகிறது. 1843இல் ஹைன்ரிக் ஷ்வாபே சூரியப் புள்ளிகள் பத்தாண்டு அளவில் கூடிக் குறைவதை அறிவித்தார். 1852இல் எட்வர்ட் சபைன் காந்தக் கலக்கங்களும் அதே தாளத்தில் கூடிக் குறைவதைக் கண்டார். ஹெர்மன் ஃபிரிட்ஸும் இலையாஸ் லூமிஸும் ஊர் ஊராகத் திரட்டிய துருவ ஒளிக் குறிப்புகளும் அதே ஏற்ற இறக்கத்தைக் காட்டின. வானிலை எந்த ஊரிலும் பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை இப்படித் தாளம் தப்பாமல் திறந்து மூடுவதில்லை. 1645 முதல் 1715 வரை ஐரோப்பாவில் துருவ ஒளி அரிதாகிப்போனதை மேகத்தின் கணக்கில் எழுத முடியாததும் இதனால்தான். அந்த எழுபது ஆண்டுகளில் தொலைநோக்கி வைத்திருந்தவர்கள் சூரியனைப் பார்த்தே புள்ளிகள் இல்லை என்று எழுதினார்கள். மரவளையங்களில் உள்ள கார்பன்-14 அளவும் சூரியச் செயல்பாடு ஒடுங்கியிருந்ததைத் தனியாக உறுதி செய்கிறது. ஓர் இரவின் குறிப்பு மேகத்தைப் பற்றிச் சொல்கிறது, ஒரு நூற்றாண்டின் குறிப்பேடு சூரியனைப் பற்றிச் சொல்கிறது.

துருவ ஒளியைத் தேடிப் போகிறவர்களுக்கு இந்த வாதம் நடைமுறையிலும் தேவைப்படுகிறது. சூரியக்காற்றின் வேகத்தையும் அதன் காந்தத் திசையையும் அளக்கும் விண்கலங்கள் புவியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், சூரியன் பக்கம் நிற்கின்றன. 2024 ஜனவரியில் அங்கே சென்று சேர்ந்த இந்தியாவின் ஆதித்யா எல்-1 கலமும் அவற்றில் ஒன்று. அந்தக் காற்றின் காந்தப்புலம் தெற்கு நோக்கித் திரும்பியிருக்கிறதா என்று பார்த்து, அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பே ஒளி வலுக்குமா என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்லிவிடலாம். காந்தக் கலக்கத்தைப் பூஜ்யம் முதல் ஒன்பது வரை அளவிடும் கேபி எண்ணைப் பயணிகள் தவறாமல் கேட்கிறார்கள். ஆனால் துருவ ஒளி வளையத்துக்கு நேர் கீழே இருக்கும் ஊர்களில் சிறிய எண்ணே போதும். அங்கே ஏமாற்றம் பெரும்பாலும் மேகத்தால்தான். ஐஸ்லாந்து வானிலைத் துறை வெளியிடும் துருவ ஒளி முன்னறிவிப்புப் பக்கத்தில் பெரிதாக இருப்பது மேக மூட்டத்தின் வரைபடமே. டிராம்சோவின் வழிகாட்டிகள் கரையோரம் மூடிக்கொண்டால் மலைத்தொடரைக் கடந்து ஷிபோட்ன் பள்ளத்தாக்குக்கும் பின்லாந்து எல்லைக்கும் வண்டியை விடுகிறார்கள். கடற்காற்று மலையில் ஏறி ஈரத்தைக் கொட்டிவிடுவதால் மறுபக்கத்தில் வானம் அடிக்கடி திறக்கிறது. ஸ்வீடனின் அபிஸ்கோ புகழ்பெற்றதும் இதே மழைமறைவால். டிராம்சோவில் ஆண்டுக்குச் சுமார் 1000 மில்லிமீட்டர் மழையும் பனியும் விழும்போது அபிஸ்கோவில் 300 மில்லிமீட்டர் அளவில்தான் விழுகிறது. 2024 மே 10, 11 இரவுகளில் இருபது ஆண்டுகளில் காணாத காந்தப்புயல் வீசியபோது லடாக்கின் ஹான்லே ஆய்வகக் கேமராக்கள் வடக்கு அடிவானில் சிவப்பு ஒளியைப் பிடித்தன. இமயமலையின் மழைமறைவில், 4500 மீட்டர் உயரத்தில், மேகம் குறைந்த இடம் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்த ஆய்வகம் அது. நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனமே அதையும் நடத்துகிறது.

மேகமே வாயிற்காவல் என்றால், மேகம் மாறும்போது நாம் காணும் துருவ ஒளியும் மாறும். சூரியனில் எதுவும் மாறியிருக்க வேண்டியதில்லை. ஆர்க்டிக் பகுதி 1979 முதல் உலகச் சராசரியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமாகிவருவதாகப் பின்லாந்து வானிலை ஆய்வாளர்கள் 2022இல் காட்டினார்கள். கடற்பனி சுருங்கிய இடங்களில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் திறந்த நீர் ஈரத்தையும் வெப்பத்தையும் காற்றில் விடுகிறது. அந்தப் பருவத்தில் அங்கே தாழ்மேகம் கூடுவதைச் செயற்கைக்கோள் பதிவுகளும் கப்பல், கரை நிலையங்களின் பதிவுகளும் சுட்டுகின்றன. துருவ ஒளியைப் பொறுத்தவரை அதே பருவம்தான் செழிப்பானது. சூரியக்காற்றின் காந்தப்புலம் புவியின் புலத்தோடு இணைய வாய்ப்பான கோணம் சம இரவு நாட்களை ஒட்டி அமைகிறது. ரஸ்ஸலும் மெக்ஃபெரனும் 1973இல் இதற்கு விளக்கம் தந்தார்கள். மேலே மிகுதியாக எரியும் காலத்திலேயே கீழே சில இடங்களில் திரை தடித்துவருகிறது. எந்த ஊரில் எவ்வளவு என்பதை நினைவுகளை வைத்துச் சொல்ல முடியாது, அளவீடு வேண்டும். அதற்கான பொருள் ஏற்கனவே சேர்ந்துகொண்டிருக்கிறது. 1957-58 பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்களில் முழு வானத்தையும் ஒரே படத்தில் பிடிக்கும் கேமராக்கள் நிறுவப்பட்டன. பின்லாந்து, ஸ்வீடன், நார்வே நாடுகளில் அந்த வகைக் கேமராக்கள் இன்றும் இருண்ட பருவம் முழுக்கச் சில நொடிகளுக்கு ஒருமுறை படம் எடுக்கின்றன. துருவ ஒளி ஆய்வாளர் அந்தப் படங்களைத் திறந்ததும் செய்யும் முதல் வேலை, மேகம் மூடிய இரவுகளைக் கழித்து ஒதுக்குவது. பக்கத்தில் பின்லாந்தின் சோடன்குலா போன்ற ஆய்வகங்களின் காந்தமானிகள், மேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 1914 முதல் எழுதிக்கொண்டிருக்கின்றன. கழித்து ஒதுக்கிய அந்தப் படங்களைக் காந்தமானியின் கோட்டோடு இரவுக்கு இரவு பொருத்தினால், மேலே ஒளி இருந்தும் கீழே எத்தனை இரவுகள் அது தெரியாமல் போயின என்றும், அந்த எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு எந்தப் பக்கம் நகர்கிறது என்றும் கணக்கிட்டுவிடலாம்.